பழைய அரிசி ஆலை இடத்தில் வணிக, குடியிருப்பு வளாகம்: அனுமதிக்கு முன் நேரில் ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
ஆலைத் தெருவாசிகள் மற்றும் வாய்க்கால் பாசன விவசாயிகள்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவாரூர்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருக் கோடியில் 3 ஏக்கரில் ஒரு அரிசி ஆலை இருந்தது. மூடிப் பல வருடமாகிறது. அந்த இடத்தில் தரைக்கடியில் வாகன நிறுத்தம், மேலே கடைகள், அதற்கும் மேல் வீடுகள் என்று ஒரு வளாகம் கட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள். கட்டடமே கூடாது என்று சொல்ல வரவில்லை. ராத்திரியில் ஒரு மாத்திரை வாங்க 4 கிலோமீட்டர் போகிறவர்கள் நாங்கள். கடைகள் வரட்டும்.

ஆலை ஓடிய காலத்தில் நெல் ஊறல் தண்ணீரின் நாற்றமும், காயப்போட்ட துணியில் படியும் உமிச் சாம்பலும் எங்களுக்குப் பழக்கம். ஆலை நின்றது, இரண்டும் நின்றன. இனி வரப்போவது அப்படி நிற்காது.

ஆலைக் களத்துக்குப் பின்னால் ஒரு குட்டையும் அதை ஒட்டி ஒரு வடிகாலும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் தெருத் தண்ணீரும் மேற்கே உள்ள சம்பா வயல்களின் தண்ணீரும் இறங்க வேறு வழி கிடையாது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இந்தக் கடைமடையில் சரிவு என்று சொல்லும்படி என்ன இருக்கிறது? ஒரு சாண் மேடானாலே தண்ணீர் எதிர்த்து நிற்கும். இங்கே 4 அடிக்குக் கிராவல் அடிக்கப்போவதாகப் பேச்சு. அடித்த கிராவலைப் பிறகு யாரும் லாரி வைத்து அள்ளப்போவதில்லை. வடிகாலுக்குப் பதிலாகச் சிமெண்ட் குழாய் பதிப்பார்களாம். வாய்க்கால் தூர்ந்தால் மண்வெட்டி எடுத்து வெட்டிவிடுவோம். கட்டடத்துக்கு அடியில் தூர்ந்த குழாயை எதை வைத்து வெட்டுவது?

அதைவிடப் பெரிய பயம் உப்பு. கடல் நீர் கனமானது. கடலோரப் பகுதிகளில் நிலத்துக்கடியில் நல்ல நீர் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் இருந்தால், உப்பு நீர் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்தில் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. அந்த 1 அடியை இறைத்துவிட்டால் உப்பு அத்தனை உயரம் ஏறப் பார்க்கும். கடைமடையில் பல ஊர்கள் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீரை நம்பி இருப்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் தெரு அடிபம்புகளில் இன்னும் வாயில் வைக்கும்படியான தண்ணீர் வருகிறது. வாகன நிறுத்தத்துக்கு நிலவறை தோண்டும்போது ஊற்றை வற்ற வைக்க இரவு பகலாக இறைப்பார்கள். கட்டி முடித்த பின்பும் மழைக்கு மழை இறைக்க வேண்டும். அப்புறம் அத்தனை வீடுகளுக்கும் ஆழ்குழாய்க் கிணறு. ஒருமுறை உப்பேறிய ஊற்று எங்கள் ஆயுளில் திரும்பி வராது.

காவிரி டெல்டாவுக்கான 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களைத்தான் தடுக்கிறது. கடையும் வீடும் அதில் வராது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரை எட்டும் கட்டடங்களுக்குத்தான் முன் அனுமதி வேண்டும். இந்த வளாகம் அந்த அளவை எட்டவில்லை. சரி, சட்டப்படி தப்பில்லை. ஆனால் எங்கள் வடிகாலை யாருமே பார்க்காமல் அனுமதி கிடைத்துவிடும். அதனால்தான் தங்களிடம் வருகிறோம்.

திட்ட அனுமதி தரும் முன் நீர்வளத் துறை, வருவாய்த் துறை, நகர் ஊரமைப்புத் துறை அலுவலர்கள் சேர்ந்து வந்து நிலமட்டம் எடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். மழை பெய்யும் நாளில் வந்தால் நல்லது. சித்திரையில் வந்தால் அது வெறும் பள்ளமாகத்தான் தெரியும். குட்டையும் வடிகாலும் திறந்தபடியே இருக்க வேண்டும், மனையைச் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது, நிலவறையும் ஆழ்குழாய்க் கிணறும் கூடாது என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். வாகனங்களைத் தரைத்தளத்தில் நிறுத்தலாம். அதனால் நாலு கடை குறையும், அவ்வளவுதான்.

ஆய்வு முடியும்வரை கிராவல் லாரிகளை நிறுத்தி வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். வேறு எது தாமதமானாலும் பரவாயில்லை, இது ஒன்று இந்த வாரமே வேண்டும்.

இப்படிக்கு,
ஆலைத் தெருவாசிகள், பாசன விவசாயிகள்

இணைப்பு: வடிகாலை வாய்க்கால் புறம்போக்கு என்று காட்டும் அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகல், புல வரைபடம், சென்ற கார்த்திகை மழையில் எடுத்த படங்கள், கையொப்பத் தாள்கள்.