தராசு நண்பர்களுக்கு, கடைசி வண்டியிலிருந்து ஒரு திறந்த மடல்

ஞாயிறுதோறும் விடியலில் பெங்களூருவுக்கு வடக்கே அவலஹள்ளிக் காட்டு ஓரம் கூடும் நம் மலை சைக்கிள் குழுவின் அண்ணன்மார், தம்பிமார், தங்கைமார் அனைவருக்கும் வணக்கம்.

குழுவில் கடைசியாக வருகிற ஆள் நான். பஞ்சர் ஆனவர், வழி தவறியவர், மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் என எல்லோரையும் கூட்டிக்கொண்டு பின்னால் வரும் வேலையை நீங்கள்தான் எனக்குக் கொடுத்தீர்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் முன்னால் பறப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று பின்னால் வருபவருக்குத் தெரிகிறது: நம் குழுவின் மொத்த எடை குறையவே இல்லை. உங்கள் வண்டிகளிலிருந்து இறங்கிய கிராம்கள் எல்லாம் என் முதுகுப் பையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

கொஞ்ச காலமாகப் புறப்படுவதற்கு முன் ஒரு சடங்கு நடக்கிறது. தைல மரக் கிளையில் தூக்குத் தராசைக் கட்டி, சீட்டின் மூக்கை அதில் மாட்டி, வண்டி ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எண் வந்ததும் ஒருவர் அதைப் பட்டியலில் ஏற்றுகிறார். பட்டியலின் உச்சியில் இருப்பவருக்குக் கைதட்டல். இதுவரை சரி, விளையாட்டுதானே. நிறுப்பதற்கு முன் நடப்பதுதான் கண்ணை உறுத்துகிறது. சீட்டுக்கடியில் இருக்கும் பை கழன்று காருக்குள் போகிறது. பம்ப் போகிறது, மாற்று ட்யூப் போகிறது. ஒரு புண்ணியவான் பாட்டில் கூண்டையே கழற்றிவிட்டார். நிறுத்து முடித்தபின் இதையெல்லாம் திரும்ப மாட்ட எவருக்கும் நினைவு வருவதில்லை. ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே போனதும் “அண்ணா, பம்ப் இருக்கா? தண்ணி இருக்கா?” என்று குரல் மட்டும் வருகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

எடை குறைக்கும் ஆசையைக் கேலி செய்ய நான் வரவில்லை. டைட்டானியம் போல்ட்டை முதல்முறை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவருக்கு வரும் சிரிப்பு எனக்கும் தெரியும். இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம் என்றால் டைட்டானியத்தினுடையது சுமார் 4.5. கை எதிர்பார்த்த கனம் வராதபோது மனம் துள்ளத்தான் செய்யும். இந்தப் பித்து பழையதும்கூட. 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது, அவருக்காக எர்னஸ்டோ கொல்நாகோ செய்த வண்டி ஆறு கிலோவுக்கும் குறைவு. சங்கிலியைக்கூட விடாமல் துளை போட்டிருந்தார்கள். ஆனால் அது வழுவழுப்பான வளைய ஓடுதளம். அங்கே முள் இல்லை, கூர்ங்கல் இல்லை, திரும்பி வர 10 கிலோமீட்டர் காடும் இல்லை.

சாலைப் பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் 2000 முதல் வரம்பு வைத்திருக்கிறது. மலை சைக்கிளுக்கு அப்படி எந்தக் கீழ்வரம்பும் இல்லை. ஆகவே எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதை நாமேதான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கணக்குப் போட வேண்டும். நம் குழுவில் பாதிப் பேர் மென்பொருள்காரர்கள்; ஆனால் அந்தக் கணக்கை இதுவரை யாரும் போட்டதாகத் தெரியவில்லை. நானே போடுகிறேன்.

ஓட்டுபவர் 72 கிலோ, வண்டி 13 கிலோ, ஆக 85. நந்தி மலை போல அரை மணி நேரம் பிடிக்கும் ஒரு ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் காலின் உழைப்பில் பெரும்பகுதி மொத்த எடையைத் தூக்குவதற்கே போகிறது. 100 கிராம் குறைத்தால் மொத்தத்தில் 0.12 சதவீதம். அரை மணியில் அது இரண்டே விநாடி. ஒரு முழு கிலோ குறைத்தாலும் மிச்சம் 20 விநாடி சொச்சம்தான். இதுவும் காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காமல் உங்களுக்குச் சாதகமாகப் போட்ட கணக்கு.

இனி நம் ஆட்கள் கை வைக்கும் இடங்களைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க் ரோட்டரைச் சக்கரத்தோடு இணைக்கும் போல்ட் சக்கரத்துக்கு ஆறு, இரண்டு சக்கரத்துக்குப் பன்னிரண்டு. அத்தனையையும் டைட்டானியமாக மாற்றினால் மிச்சமாவது சுமார் 10 கிராம். ஒரு மடக்குத் தண்ணீர் அதைவிடக் கனம். அந்தப் பன்னிரண்டு போல்ட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அனுப்பும் கட்டணமும் சுங்கமும் போல்ட்டின் விலையையே தாண்டிவிட்டதைப் பெருமையாகச் சொன்னவர் நம்மில் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு இருக்கிறதே, அந்தக் கேசட் கதை இன்னும் பெரியது. ஸ்ராம் நிறுவனத்தின் என்எக்ஸ் ஈகிள் கேசட் சுமார் 615 கிராம். அதே நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 ஈகிள் சுமார் 355. வித்தியாசம் 260 கிராம், அதாவது நம் அரை மணி ஏற்றத்தில் ஐந்தாறு விநாடி. இந்த ஐந்தாறு விநாடிக்குக் கொடுக்கும் பணம் நம்மில் சிலருடைய ஒரு மாத வீட்டு வாடகை. வாங்கி வந்தபின் இன்னொன்று தெரியவரும்: பழைய சக்கரத்தில் அது உட்காராது. என்எக்ஸ் கேசட் உட்காருவது ஷிமானோ மாதிரிப் பற்கள் கொண்ட ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில். எக்ஸ்எக்ஸ்1-க்கு எக்ஸ்டி வகை ஹப் உடல் வேண்டும். ஆக அதற்கும் தனிச் செலவு. பெரிய பல்சக்கரம் அலுமினியம் என்பதால் எப்போதும் லேசான கியரிலேயே ஏறுபவருக்கு அது முதலில் தேயும். இதெல்லாம் தெரிந்து, காசும் இருந்து, ஆசைக்கு வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

“சுழலும் எடை இரட்டிப்பு எடை” என்று ஒருவர் தவறாமல் ஆரம்பிப்பார். பாதி உண்மை. ரிம்மிலும் டயரிலும் இருக்கும் ஒரு கிராமை வேகப்படுத்த, ஃபிரேமில் இருக்கும் ஒரு கிராமைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆனால் சீரான வேகத்தில் ஏறும்போது சக்கரத்தின் கிராமும் ஃபிரேமின் கிராமும் ஒன்றுதான். இந்தப் பாதி உண்மையை நம்பித்தான் எல்லோரும் முதலில் டயரை மெல்லியதாக்குகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

சமீபத்தில் மழை விட்ட ஒரு ஞாயிறு. குழுவின் பட்டியலில் உச்சத்துக்கு அருகில் இருக்கும் தம்பி ஒருவர். அவர் பெயர் வேண்டாம். பந்தயத்துக்கான மெல்லிய டயர், பக்கச்சுவர் காகிதம் மாதிரி. வெள்ளைக் கல் ஒன்றின் விளிம்பு பக்கச்சுவரை நகநீளம் கிழித்துவிட்டது. ட்யூப் இல்லாத டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றி வைக்கும் சீலண்ட், பால் போலப் பீய்ச்சியடித்து அவருடைய கணுக்கால், செடி, செம்மண் எல்லாம் வெள்ளை. தரையில் படும் ட்ரெட்டில் ஒரு ஓட்டை என்றால் பிளக் சொருகி அடைத்துவிடலாம். பக்கச்சுவர்க் கிழிசலில் பிளக் நிற்காது, பிதுங்கி வெளியே வந்துவிடும். அவரிடம் ட்யூப் இல்லை, பம்ப் இல்லை, டயரை நெம்பும் லீவர்கூட இல்லை. என் பையைத் திறந்தேன்.

ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போடுவது பலர் நினைப்பது போல நேரடி வேலை இல்லை. காய்ந்த சீலண்ட் பிடித்து வால்வின் நட்டு இறுகிப்போயிருந்தது. பல்லைக் கடித்துத் திருகிக் கழற்றினோம். அதன்பின் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சீலண்ட் அடைத்து வைத்த பழைய முட்களெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ட்யூப்லெஸ் ஓடும்வரை ஒன்றும் தெரியாது, ட்யூப் போட்ட அடுத்த நிமிடம் குத்தும். ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கினோம். கிழிசலுக்கு உள்ளே பழைய டயரிலிருந்து வெட்டி வைத்திருந்த துண்டு ஒன்றை ஒட்டுப் போட்டு, அதற்குமேல் ட்யூப். வெயில் ஏறிவிட்டது. முன்னால் போனவர்கள் சிங்கநாயகனஹள்ளியில் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி டயரில் மிச்சம் பிடித்திருந்தது சக்கரத்துக்கு 250 கிராம். நான் சுமந்த ட்யூப், பம்ப், லீவர், ஒட்டுத் துண்டு, இடுக்கி எல்லாம் சேர்த்தால் அதைவிட அதிகம்.

உலகத்தில் மிகச் சிறந்தவர்களுக்கும் இதே விதிதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்கின் முன்சக்கரம் பஞ்சரானது. பந்தயத் தடத்தின் பழுது பார்க்கும் இடத்தில் ஆட்கள் சக்கரத்தையே மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியும் அவர் அரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். பிறகு துரத்திப் பிடித்துத் தங்கம் வென்றது அவருடைய கால். நம் கணக்குப்படி அந்த அரை நிமிடம் என்பது வண்டியில் ஒன்றரைக் கிலோ. நமக்குச் சக்கரம் மாற்றித் தர அவலஹள்ளியில் யார் நிற்கிறார்கள்? பின்னால் நான்தான் வருகிறேன்.

அந்தப் பந்தயக்காரர்களே சமீப ஆண்டுகளில் எடையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சீட்டை ஒரு விசையில் இறக்கும் டிராப்பர் போஸ்ட், சாதாரண கார்பன் போஸ்ட்டைவிட முந்நூறு, நானூறு கிராம் கூடுதல். இறக்கத்தில் அது மிச்சப்படுத்தும் நேரத்துக்காக உலகக் கோப்பை வீரர்களே அதை மாட்டுகிறார்கள். நம் குழுவில் இரண்டு பேர் பட்டியலுக்காக அதைக் கழற்றியிருக்கிறார்கள்!

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சல்லடையாய் ஓட்டை போட்ட மெல்லிய ரோட்டரில் சூட்டை வாங்கிக்கொள்ள உலோகம் குறைவு. நந்தி மலையிலிருந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குபவர் அதை மாட்டக் கூடாது. ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5-க்கு வந்தால் தூக்கிப் போடச் சொல்கிறது நிறுவனமே. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மிலும் பிரேக்கிலும் அலுமினிய போல்ட் வேண்டவே வேண்டாம். ஊதா, பொன் நிறத்தில் மின்னுவதைப் பார்த்து டைட்டானியம் என்று வாங்கி வருகிறீர்கள்; அவற்றில் சில வெறும் அலுமினிய போல்ட். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதை வைத்துப் பிரிக்க முடியாது. ஒரே அளவு போல்ட்டில் அலுமினியம் இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லேசு. இந்த ஒரு வேலைக்கு உங்கள் தராசு உண்மையிலேயே உதவும், எடுத்துப் போட்டு நிறுத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இது தராசை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு. ஓசூரிலிருந்து விடியுமுன் கிளம்பி வரும் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். 16 கிலோ வண்டி. அவனிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி பெயர் அல்ல, ஊர் அல்ல: “தம்பி, வண்டி என்ன வெயிட்?” பட்டியலின் கடைசியில் அவன் பெயர் ஏறியது, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. அடுத்த மாதம் தவணையில் கார்பன் ஹேண்டில்பார் வாங்கிவிட்டான். அவனுக்குத் தேவையாயிருந்தது நல்ல பிடியுள்ள ஒரு ஜோடி டயரும், சரியான காற்றழுத்தம் எவ்வளவு என்று சொல்லித்தர ஒரு ஆளும். இந்த விளையாட்டே கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் 1970-களில் பழைய இரும்புச் சைக்கிள்களை மண் இறக்கத்தில் உருட்டியதில் பிறந்தது. சுமார் 20 கிலோ வண்டிகள். பின்பிரேக் சூட்டில் ஹப்பின் கிரீஸ் எரிந்து போக, ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்தது. அங்கே நடந்த பந்தயத்துக்கு ரீபேக் (திரும்ப அடைப்பது) என்று பெயர் வந்ததே அதனால்தான். அந்த ஆட்கள் இன்று வந்தால் நம் பட்டியலில் எங்கே போடுவீர்கள்?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். தராசைக் கழற்ற வேண்டாம். இருக்கட்டும். ஆனால் வண்டியைத் தனியாக நிறுக்காதீர்கள். வீடு திரும்பத் தேவையான எல்லாவற்றோடும் நிறுங்கள்: நிரம்பிய தண்ணீர் பாட்டில், ஒரு ட்யூப், பம்ப், இரண்டு லீவர், பிளக், பல வேலைக்கும் உதவும் மடக்குக் கருவி, சங்கிலி இணைப்பு ஒன்று. இவற்றில் எதையாவது காரில் விட்டு வந்தவர் பெயர் பட்டியலில் ஏறாது. டயரின் பக்கச்சுவரை அமுக்கிப் பார்த்து, காகிதம் போலிருந்தால் அவர் பாறைத் தடத்துக்குள் வராமல் வெளி வட்டத்தில் ஓட்டட்டும். புதிதாக வருபவர்களை முதல் மூன்று மாதம் நிறுக்கவே கூடாது. இதை நிர்வாகிகள் மூவரும் பேசி முடிவு செய்து இந்த வாரமே அறிவிக்க வேண்டும்.

முடிவு எப்படியானாலும் என் பக்கத்து அறிவிப்பு இது. வரும் ஞாயிறு முதல் பொதுப் பை கிடையாது. என் பையில் என் வண்டிக்கான ட்யூப் ஒன்று, என் தண்ணீர், முதலுதவிப் பெட்டி மட்டும் இருக்கும். அடிபட்டவருக்கு எப்போதும் போல நிற்பேன். பஞ்சரானவருக்கும் நிற்பேன், ஒட்டவும் கைகொடுப்பேன். ட்யூப் அவருடையதாக இருக்க வேண்டும். இல்லாதவர் தொட்டபள்ளாப்பூர் சாலை வரைக்கும் வண்டியைத் தோளில் வைத்து நடக்கலாம். 10 கிலோவுக்குக் குறைவுதானே, சிரமம் இருக்காது.

காலை 6 மணிக்குப் பார்ப்போம்.

இப்படிக்கு,
கடைசியில் வருபவர்