புகைபோக்கி இல்லாத வீடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு எண்ணெய் போதும் என்று நீயே வைத்தியம் பார்த்துக்கொள்ளாதே. ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு. இங்கே இங்கிலாந்தில் மகள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பேரன் என்னோடு சண்டை போடுவதுகூட இங்கிலீஷில்தான்.

போன சனிக்கிழமை மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊருக்கு அழைத்துப் போனார்கள். பழைய வீடுகளைப் பெயர்த்து எடுத்துவந்து நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம். மற்றவர்கள் எல்லாவற்றையும் சுற்றினார்கள். நான் பேலீஃப் என்ற பண்ணை வீட்டைவிட்டு நகரவில்லை. அதன் பழைய பகுதி 1400களின் தொடக்கத்தில் கட்டியது. ஒரு பக்கம் மட்டும் சுமார் நூறு வருஷம் கழித்து மாற்றிக் கட்டியதாம்.

கூடத்தில் நின்று அண்ணாந்தால் மச்சு இல்லை, நேரே கூரைதான். தரை நடுவே நெருப்பு மூட்டுவார்கள். புகைபோக்கி என்ற பேச்சே இல்லை; புகை ஓட்டு இடுக்கிலும் ஜன்னலிலும் தானாக வெளியேறினால் உண்டு. ஜன்னலில் கண்ணாடி கிடையாது, மரக் கம்பிகளும் பலகைக் கதவும்தான். இந்தக் குளிரிலா! சுவர், வரிச்சு பின்னி, வைக்கோலும் சாணமும் மிதித்த களிமண்ணை அப்பியது.

பிற்காலத்தில் குடியிருந்தவர்கள் மச்சும் புகைபோக்கியும் வைத்துக்கொண்டார்கள். அருங்காட்சியகத்தார் அவற்றை எடுத்துவிட்டு, 1540 வாக்கில் இருந்தபடி அமைத்திருக்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கண் எரிச்சல் தாங்காமல் ஒருவர் புகைபோக்கி கட்டியதும் அந்த வீட்டின் கதைதானே?

சரி, உனக்குப் பிடித்த தச்சு விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீடு முன்பு கென்ட்டில் சிடிங்ஸ்டோன் என்ற ஊரில் இருந்தது. அங்கே பௌ பீச் நீர்த்தேக்கம் வந்ததால் 1960களின் கடைசியில் பிரித்தெடுத்தார்கள். ஓக் மரச்சட்டங்களை இணைத்திருப்பது இரும்பாணி அல்ல, மர முளை. ஒரு சட்டத்தின் துளைக்குள் இன்னொரு சட்டத்தின் நாக்குபோன்ற முனையைச் செருகி முளை அடிப்பார்கள். அதற்கான ஓட்டைகளை நேருக்கு நேர் போடாமல் ஒரு நூல் விலக்கிப் போடுவார்களாம். முளை இறங்க இறங்க இரண்டு மரமும் இறுகிக்கொள்ளும். மரமும் பச்சை மரம். காயக் காய இன்னும் பிடிக்கும்.

முதலில் கட்டியபோதே தச்சர்கள் சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் செதுக்கி, பிரித்து, மறுபடி தூக்கி நிறுத்துவதுதான் வழக்கம். ரோமன் எண்தான், ஆனால் நாலுக்குப் பெரும்பாலும் நாலு கோடே கிழிப்பார்களாம்.

அப்போது உன் அப்பா ஞாபகம் வந்தது. எந்தக் கால் எந்த மூலைக்கு என்று தெரிய, கட்டில் சட்டத்தில் உளியால் புள்ளி குத்தி வைப்பாரே! அந்தக் கட்டில் இன்னும் வீட்டில் இருக்கிறதா? பார்த்து எழுது.

உன்,
மணி