காய்ச்சலுக்கு இன்று எத்தனையாவது நாள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூனில் மகன் குடும்பத்தோடு வசிக்கும் நான், மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் இரண்டு வயதுப் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். அண்மையில் அவளுக்கு வந்த காய்ச்சல் ஐந்து நாளாகியும் இறங்கவில்லை. அந்த நாள்களில் நாங்கள் செய்த பிழைகளையும், கடைசியில் கைகொடுத்த ஒரு சிறிய பழக்கத்தையும், பேரப்பிள்ளைகளை வளர்த்துவரும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதல் நாள், வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்தில் (கிளினிக்கில்) சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று சொல்லிப் பாராசிட்டமால் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரவு அந்த மருந்தகம் மூடியிருந்ததால் வேறொன்றுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே மருந்து கொடுக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. புதிதாகத் தொடங்கிய காய்ச்சலைப் பார்ப்பதுபோல் பார்த்து, இன்னொரு புட்டி பாராசிட்டமாலைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரே காய்ச்சல், இரண்டு மருத்துவர்கள். இருவருக்கும் அது முதல் நாளாகவே தெரிந்தது.

அந்த இரண்டு புட்டிகளில் ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து, மற்றதில் 250 மில்லிகிராம். நிறம் ஒன்று, வாசனை ஒன்று, சிறிய எழுத்தில் இருந்த எண்கள் மட்டும் வேறு. ஒரு வேளைக்கு 6 மில்லிலிட்டர் என்று மனத்தில் பதிந்துபோயிருந்த நான், நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்கு, அடுப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டாவது புட்டியிலிருந்தும் அதே 6 மில்லிலிட்டரை எடுத்துப் புகட்டிவிட்டேன். அவளுக்குச் சேரவேண்டிய 144 மில்லிகிராமுக்குப் பதில் 300 மில்லிகிராம் உள்ளே போயிற்று. ஒரு வேளை கூடியதால் கெடுதல் இல்லை என்றும், இதே பிழை நாள்கணக்கில் தொடர்ந்திருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் பிறகு மருத்துவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. இந்த மருந்தின் அளவு வயதைவிடக் குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளுக்கு நான்கு வேளைக்கு மிகாமல் என்பதே கணக்கு. சாப்பாட்டுக் கரண்டியால் அளக்கவே கூடாது.

எங்களைக் காப்பாற்றியது கூடத்தில் தொங்கும் நாள்காட்டி. மளிகைக் கணக்கை அதன் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் நெடுநாள் வழக்கம். அதே வழக்கத்தில், "காலை 7.10, சூடு 38.9, மருந்து 6 மில்லி, கஞ்சி நான்கு கரண்டி, டயப்பர் நனைந்தது, இருமல் இல்லை" என்று நாளுக்கு ஒரு தாளாக எழுதி வந்தேன். ஐந்தாம் நாள் பலதுறை மருந்தக மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "இன்று எத்தனையாவது நாள்?" என்பதுதான். தாள்களை நீட்டினேன். தமிழ் தெரியாத அவருக்கு மருமகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். ஐந்து நாளும் சளியோ இருமலோ இல்லாமல் மாலைதோறும் சூடு 39க்கு மேல் ஏறியதைக் கவனித்தவர், உடனே சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று. சரியாகப் பேசத் தெரியாத, டயப்பர் கட்டும் வயதில் எரிச்சலைச் சொல்ல அவளுக்கு வழி இல்லை. சரியான மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

நாள்களை எண்ணுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்கள் மூன்று நான்கு நாளில் தணிந்துவிடும்; ஐந்து நாளைத் தொட்டால், முன்பே இரண்டு முறை காட்டியிருந்தாலும், மறுபடி காட்டியே ஆகவேண்டும். 1967ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர் தோமிசாக்கு கவாசாக்கி விவரித்த, இன்று அவர் பெயராலேயே வழங்கும் நோயில், நீடிக்கும் காய்ச்சலோடு கண் சிவக்கும், உதடு வெடிக்கும், நாக்கு ஸ்ட்ராபெரி போலாகும், உடம்பில் தடிப்பு வரும். இந்த அடையாளங்கள் எல்லாம் ஒரே நாளில் தெரிவதில்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களை அது கெடுக்காமல் இருக்க, காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். தொடங்கிய நாளே தெரியாத வீட்டில் பத்து நாளை யார் எண்ணுவது?

டெங்கியிலோ காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். சூடு குறைந்துவிட்டதே என்று நாம் ஆறுதல் அடையும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை, கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், துவண்டு கிடத்தல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரோஃபன் என்ற காய்ச்சல் மருந்தைத் தொடவேண்டாம். இரத்தக் கசிவை அது கூட்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் நாமாகக் கொடுப்பது எந்தக் காய்ச்சலிலும் கூடாது.

நாள் எண்ணிக்கொண்டு காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 38 பாகை வந்தாலே அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த வயதிலும் மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் சோர்ந்திருந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ விடியட்டும் என்று இருக்கக்கூடாது. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பார்க்க வேண்டும். கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியை வைப்பதும் என் தலைமுறையில் பார்த்த பழக்கங்கள். அவற்றால் பயன் இல்லை, பல் உடையும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும். கம்பளியால் போர்த்துவதும் ஐஸ் தண்ணீரில் துடைப்பதும் வேண்டாம். மெல்லிய உடுப்பு, அடிக்கடி தண்ணீர், கஞ்சி, பால் போதும்.

பெற்றோரிடம் தாழ்மையாக ஒன்று கேட்கிறேன். காலையில் மருந்து புகட்டிப் பாலர் பள்ளிக்கு அனுப்பினால் வாசலில் வைக்கும் வெப்பமானி எதையும் காட்டாது. மதியம் காய்ச்சல் திரும்பும்போது ஆசிரியர் அதையே முதல் நாளாகக் குறித்துக்கொள்வார். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட சிங்கப்பூர்க் குடிமகக் குழந்தைக்காகப் பெற்றோர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஆறு நாள்தான் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. ஒரு காய்ச்சலே அதைத் தின்றுவிடும் என்பதை என் மகன் வீட்டிலேயே பார்த்தேன். அந்த நெருக்கடி புரிகிறது. அனுப்பித்தான் ஆகவேண்டுமென்ற நிலை வந்தாலும் உண்மையைச் சொல்லி, யோசனை கேளுங்கள்.

மருந்தகங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு "எத்தனையாவது நாள், வீட்டில் என்ன மருந்து இருக்கிறது" என்று கேட்டு, பதிலைப் புட்டியோடு தரும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மருந்தின் வீரியத்தையும் ஒரு வேளை அளவையும், இரவு விளக்கில் முதிய கண்களுக்குத் தெரியும் பெரிய எழுத்தில், வீட்டில் மருந்து கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் அச்சிடுங்கள். பகலில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பவர்களில் என்னைப் போல் ஆங்கிலம் சரளமாக வாசிக்கத் தெரியாத பாட்டிகளும் தாத்தாக்களும் நிறைய பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி