கண் தெரியாத நேரத்தில் போட்ட மார்க்

மருத்துவர் மதிப்பீட்டுத் தளங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, உங்களிடமிருந்து செய்தி வந்துவிட்டது: 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்.' கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து போட்டிருந்தார்கள். அதைப் போட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது. போனைக் கைநீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தேன், எழுத்து கலங்கலாகவே இருந்தது. வெளிச்சம் வேறு கூசியது. எரிச்சலில் நடுவில் எங்கோ தட்டினேன். மூன்று நட்சத்திரம் விழுந்தது.

அந்த மூன்று எதற்கு என்று அப்புறம்தான் யோசித்தேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்ததற்கு; கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னதற்கு. டாக்டர் என் கண்ணைச் சோதித்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பகுதி சொட்டு மருந்தினுடையது. கண்மணி நன்றாக விரிய 20, 30 நிமிடம் ஆகும். இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைக் காத்திருப்பாகவே எண்ணியிருக்க மாட்டேன். இன்னொரு பகுதி, இடையில் அவசரமாக உள்ளே அழைத்துப் போகப்பட்ட ஒருவருக்காகப் போனது. கண்ணுக்குள் திடீரென்று மின்னல் அடிக்கிறது, ஓரத்தில் கறுப்புத் திரை இறங்குகிறது என்று ஒருவர் வந்தால் வரிசையை நிறுத்திவிட்டு அவரைத்தான் பார்க்க வேண்டும். விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம். அப்படி நிறுத்துகிற டாக்டருக்கு, வெளியே உட்கார்ந்திருக்கும் நாங்கள் நட்சத்திரத்தைக் குறைக்கிறோம்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. நட்சத்திரத்தில் பாதியை நோயே தீர்மானித்துவிடுகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டவருக்குப் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே மங்கல் விலகி நிறங்கள் பளிச்சென்று தெரியும். ஐந்து நட்சத்திரம் தானாக வரும். எனக்கு இருப்பது கிளாகோமா, கண் நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகிற நோய். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். அதற்காக நான் வீட்டில் போட்டுக்கொள்ளும் சொட்டு மருந்து நன்றாக வேலை செய்தால் எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் மருந்தால் கண் சிவப்பதும் உறுத்துவதும்தான். சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்தவர்கள் மாதக்கணக்கில் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுடைய டாக்டரையும் கண்புரை டாக்டரையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

கண்புரையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தூரப் பார்வைக்கான சாதாரண லென்ஸ் வைத்தால் பிறகு படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். முன்பே சொன்னால் 'சரி' என்று போட்டுக்கொள்வோம். கட்டுப் பிரித்த பிறகு சொன்னால் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதுவோம். லென்ஸ் அதேதான், கை அதேதான்.

டாக்டர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசி அனுப்புகிறவருக்கு நட்சத்திரம் குறைவது நியாயம்தான். எந்தச் சொட்டு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று புரியாமல் வீட்டுக்குப் போகிறவர் மருந்தைப் பாதியில் விட்டுவிடுவார். கிளாகோமாவில் அது பார்வையையே கொண்டுபோகும். ஆனால் அந்தக் குறையையும் கவுண்டர்காரரின் முகத்தையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்காதீர்கள். காத்திருப்பு தனி, விளக்கம் தனி, ஊழியர்கள் தனி, பார்வை தனி என்று கேளுங்கள். பார்வையைப் பற்றி அன்றைக்கே கேட்காதீர்கள். புதுக் கண்ணாடி பழகவே சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகிறது.

எத்தனை பேர் போட்ட மார்க் என்பதையும் பெரிய எழுத்தில் காட்டுங்கள். நான்கு பேர் ஐந்தும் ஒருவர் ஒன்றும் போட்டால் சராசரி 4.2. நாற்பது பேர் ஐந்து போட்டு ஒருவர் ஒன்று போட்டால் 4.9. கோபப்பட்டவர் இரண்டு இடத்திலும் ஒருவர்தான். ரொம்ப மகிழ்ந்தவரும் ரொம்பக் கொதித்தவரும்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். டாக்டர் பதில் எழுதலாமே என்பீர்கள். என் நோய் விவரத்தைப் பொதுவில் போடாமல் அவர் என்ன பதில் எழுத முடியும்?

ஆறு மாதம் கழித்துப் பார்வைப் புலப் பரிசோதனைக்குப் போனேன். கண்ணுக்கு எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று பார்ப்பது அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குட்டி வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் காட்டினார். பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு கொஞ்சமும் பரவவில்லை. அன்று மாலை உங்கள் தளத்தில் அந்த மூன்றை மாற்றப் போனேன். 'நீங்கள் ஏற்கெனவே மதிப்பிட்டுவிட்டீர்கள்' என்று வந்து நின்றது. அதை எங்கே மாற்றுவது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிளாகோமா நோயாளி