தண்டனைக்கு முன் ஓர் அறிக்கை: நீதித்துறை நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நீதித்துறை நடுவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு நடுவர் மன்றத்தில் என் கட்சிக்காரர் ஒருவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு வயது 38. ஒரே வீட்டில் ஒன்பது ஆண்டுகள் பாத்திரம் துலக்கியவர், அந்த வீட்டுக் குழந்தையின் வெள்ளிக் கொலுசை எடுத்து அடகு வைத்துவிட்டார். கொலுசு மீட்கப்பட்டு உரியவரிடம் சேர்ந்துவிட்டது. முன்வழக்கு எதுவும் இல்லை. அவர் செய்தது திருட்டுதான். நம்பி வீட்டுக்குள் விட்டவர்களின் மனவேதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்ற முடிவிலும் எனக்குக் குறையில்லை. அதற்குப் பிறகு நடந்த நான்கு நிமிடங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

தண்டனை குறித்து என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, "பிள்ளைங்க இருக்குதுங்க ஐயா" என்று மட்டும் சொன்ன அவர், கையிலிருந்த துணிக்கடைப் பையை இரண்டு முறை உயர்த்திக் காட்டினார். அந்தப் பையில் ரேஷன் அட்டையும், மகளின் பாலிடெக்னிக் கட்டண ரசீதும் இருந்தன. ரசீதில் இருந்த தொகை ₹3,500. வழக்கில் சான்றாவணமாக ஏற்கெனவே மன்றத்தின் மேசையில் இருந்த அடகுச் சீட்டிலும் அதே தொகை, அதே தேதி. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அவற்றைத் தாக்கல் செய்யவும், அவருடைய குணத்தையும் குடும்பச் சூழலையும் விசாரித்து நன்னடத்தை அலுவலர் தரும் அறிக்கையைக் கேட்டுப் பெறவும் ஒரு வார வாய்தா வேண்டினேன். இன்றே முடிக்க வேண்டிய வழக்கு என்று பதில் வந்தது. "தண்டனை குறித்து எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரிடம்) வினவப்பட்டது. குறைந்தபட்சத் தண்டனை வழங்குமாறு கேட்டுக்கொண்டார்" என்ற, எல்லாத் தீர்ப்புகளிலும் இருக்கும் அந்த இரண்டு வரிகள் இந்தத் தீர்ப்பிலும் அப்படியே இருக்கின்றன. மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்திவைக்க இரண்டு ஜாமீன்தாரர்கள் தேவைப்பட்டனர். மாலைக்குள் அவருக்கு ஒருவர்தான் கிடைத்தார். அன்றிரவே அவர் சிறைக்குப் போனார்.

சட்டத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, முதல் முறை குற்றம் செய்தவரைக் கண்டித்து அனுப்பக்கூடிய குற்றங்களில் வீட்டுத் திருட்டையும் வேலையாள் செய்யும் திருட்டையும் பிரிவு எண்ணோடு சேர்த்திருக்கிறது. 4ஆம் பிரிவின்படி ஒழுங்காக நடப்பதாக உறுதி பெற்று, சிறைக்கு அனுப்பாமல், மூன்று ஆண்டுகளுக்கு மிகாமல் நன்னடத்தைப் பிணையில் விடலாம். அப்படி விடக்கூடிய ஒருவரை விடாமல் தண்டித்தால், சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் பதிவு செய்ய வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 402. எனக்குக் கிடைத்த தீர்ப்பு நகலில் அந்தக் காரணங்களைத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. தண்டனை குறித்த விசாரணை ஒரு சடங்காகிவிடக் கூடாது, தேவையான விவரங்களை முன்வைக்க எதிரிக்கு உண்மையான வாய்ப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சாந்தா சிங் வழக்கில் சொன்னது 1976இல்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ₹5,000க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல் முறை தண்டனை பெறுபவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை போதும் என்கிறது. எங்கள் வழக்கில் கொலுசின் மதிப்பு ₹4,600. ஆனால் அந்தச் சலுகை சாதாரணத் திருட்டைச் சொல்லும் 303ஆம் பிரிவில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கும் வேலையாள் செய்த திருட்டுக்கும் ஏழு ஆண்டுகள் வரை தண்டனை சொல்லும் 305, 306ஆம் பிரிவுகளில் அது இல்லை. வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்ணுக்கு எட்டாத இந்தக் கருணை யாருக்காக எழுதப்பட்டது? இதை நாடாளுமன்றத்திடம்தான் கேட்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் தண்டனை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் தாங்கள்.

கோடிக்கணக்கில் மோசடி செய்தவருக்குத் தண்டனை விதிக்கும் நாளில் அவருடைய வயது, இதய நோய், சர்க்கரை அளவு, சமூக மதிப்பு எல்லாம் கோப்பு கோப்பாக வருகின்றன; மூத்த வழக்குரைஞர்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள்; மன்றம் பொறுமையோடு கேட்கிறது. கேட்கட்டும், அதுதான் முறை. அதே பொறுமை ஒரு துணிக்கடைப் பைக்கும் வேண்டும் என்று கேட்பது மிகையா? எங்கள் மீதும் தவறு உண்டு. இந்தப் பிரிவுகளை வழக்குரைஞர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்று வேத் பிரகாஷ் எதிர் ஹரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றமே வருந்தியிருக்கிறது. அந்த ரசீதை விசாரணையின் தொடக்கத்திலேயே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். விடுதலையோ சட்டத்தில் இல்லாத சலுகையோ நான் கேட்கவில்லை. முதல் முறை திருட்டு வழக்கில் சிக்கியவரைச் சிறைக்கு அனுப்பும் முன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். அதற்காக ஒரு வாய்தா கொடுங்கள். அறிக்கையைப் படித்த பிறகும் சிறைதான் சரி என்று தோன்றினால், அதற்கான காரணத்தைத் தீர்ப்பில் எழுதுங்கள். அதை நாங்கள் மேல்முறையீட்டில் எதிர்கொள்கிறோம். அடுத்த வாரம் இதே போன்ற இன்னொரு வழக்கில் நான் முன்னிலையாகிறேன். அன்றும் இந்த அறிக்கையைத்தான் கேட்பேன். தயவுகூர்ந்து அதற்கு உத்தரவிடுங்கள்.

பணிவுடன்,
இலவச சட்ட உதவி வழக்குரைஞர் ஒருவர்