முதல் வேலையைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

தாதி வேலைக்கான பதிவுச் சோதனைக்குத் திகதி கிடைத்துவிட்டது என்று சொன்னாய், சந்தோஷம். ரெக்ஸ்-பிஎன் என்ற அந்தச் சோதனையில் நீ சொல்லும் பதிலைப் பார்த்துத்தான் கணினி அடுத்த கேள்வியைத் தரும். 90 கேள்வியோடு நின்றாலும் சரி, 150 வரை இழுத்தாலும் சரி, அதை வைத்துப் பாஸா பெயிலா என்று மனக்கணக்குப் போடாதே.

வேலை கிடைக்குமா என்று கேட்டாய். கிடைக்கும். இங்கே ஒன்ராறியோவில் எங்களைப் போல டிப்ளோமா படித்த தாதிகளை ஆர்பிஎன் என்பார்கள், அங்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் எல்பிஎன், இரண்டு இடத்திலும் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் முதலில் தருவது அநேகமாக கஷுவல்தான், அதாவது ஆள் குறைந்தால் மட்டும் கூப்பிடும் வேலை. விடியப்புறம் ஐந்தரைக்குப் போன் அடிக்கும். யாரோ சுகமில்லை என்று சொல்லியிருப்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் எடு. யூனியன் உள்ள இடத்தில் நிரந்தர இடம் காலியானால், உள்ளே இருப்பவர்களைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே ஆள் தேடுவார்கள்.

ஆஸ்பத்திரியில்தான் வேண்டும் என்கிறாய். கிடைத்தால் போ, நான் தடுக்கவில்லை. ஆனால் முதியோர் இல்லத்தைக் கடைசித் தெரிவாக வைக்காதே. ஒன்ராறியோச் சட்டப்படி 24 மணி நேரமும் ஒரு ஆர்என், அதாவது எங்களைவிடக் கூடப் படித்த தாதி, கட்டடத்தில் இருக்கவேண்டும். இரவில் அந்த ஒருவர்தான் எல்லா மாடிக்கும். எங்கள் மாடியில் யாராவது விழுந்தால் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது, ஆர்என்னுக்குச் சொல்வது, பிள்ளைகளுக்குப் போன் எடுப்பது எல்லாம் நாங்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு இவ்வளவு பொறுப்பு ஆஸ்பத்திரி வார்டில் கெதியில் வராது.

கஷ்டமும் அங்கேதான். பின்னேர மருந்து நேரத்தை மட்டும் சொல்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போகவேண்டும். மறதி நோய் முற்றிய ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறா. ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. மாத்திரையை அரைத்து அப்பிள் சோஸில் கொடுத்தால் துப்பிவிடுவா. பக்கத்தில் இருந்து, "எந்த ஊர் அம்மா நீங்கள்?" என்று கேட்டால் ஊரையும் கோயிலையும் சொல்லிச் சொல்லி வாயைத் திறப்பா. பத்து நிமிடம் போய்விடும். இன்னும் பாதி அறைகள் பாக்கி, எழுத்து வேலை அதற்குப் பிறகு. இந்தப் பத்து நிமிடத்துக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை என்பதுதான் என் கோபம்.

இடத்துக்கு இடம் தாதிகளை அனுப்பும் ஏஜென்சிக்கு இப்போது போகாதே. மணிக்கூலி கூடத்தான், ஆனால் இன்றைக்கு ஒரு கட்டடம், நாளைக்கு இன்னொன்று. கற்றுத்தர யாரும் நிற்கமாட்டார்கள். வீட்டுப் பராமரிப்பில் காயத்துக்கு மருந்து கட்டுவதில் நல்ல கைப்பழக்கம் வரும், ஆனால் தனியாக நிற்கவேண்டும், கார் வேண்டும். டொக்டர் கிளினிக் வேலை பிள்ளைகுட்டி வந்தபிறகு பார்க்கலாம். என்னோடு வேலை செய்த ஒருத்தி பாதப் பராமரிப்புப் படித்து, நீரிழிவுக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொந்தமாகவே உழைக்கிறாள். நல்ல கெட்டிக்காரி.

ஆர்என் படிக்கும் யோசனையைக் கைவிடாதே, ஆனால் ஒரு வருடமாவது வேலை செய்துவிட்டுப் போ.

இன்டர்வியூவில் சம்பளத்தோடு நிற்காதே. இரவில் ஒரு தாதிக்கு எத்தனை பேர், பழக்குவதற்கு எத்தனை ஷிப்ட் தருவார்கள், அடுத்த ஆள் வராவிட்டால் ஷிப்ட் முடிந்தும் உன்னை நிறுத்திவைப்பார்களா என்று கேள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. ஞாயிறு எனக்குப் பகல் ஷிப்ட், உன் நேரம் ஒரு மணிக்குப் பிறகு போன் எடு.

அன்புடன்,
அம்மா