போட்டவளுக்கே தெரியாத சென்ட்

கிருஷ்ணகிரி

அன்புள்ள தேவகி,

இங்கே எல்லாரும் நலம். அவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெர்லினில் இருக்கும் அண்ணன் மகன் வந்தபோது ஒரு சென்ட் கொடுத்தான். பேரே 'மாலிக்யூல் 01'. அடித்துப் பார்த்தேன், ஸ்பிரிட் நெடி ஒரு நொடி வந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. விலையைக் கேட்டதும் வயிறு எரிந்தது. கூடவே ஒரு பயம்: கொரோனாவில் போன மூக்கு முழுசாகத் திரும்பவில்லையோ? ஓடிப்போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். நன்றாகவே மூக்கில் ஏறியது.

மறுநாள் வங்கியில் கவுன்ட்டர் பெண், "என்ன மேடம் போட்டிருக்கீங்க, நல்லா இருக்கே" என்கிறாள்! அம்மா பென்சில் சீவின வாசம் என்றாள். இவர் எப்போதும்போல, "ஒண்ணும் வரலையே."

பையனைப் போனில் பிடித்துக் கேட்டேன். மற்ற சென்ட்டில் பத்து இருபது சரக்காவது கலந்திருக்கும், இதில் ஒன்றுதானாம். ஐசோ ஈ சூப்பர் என்ற வாசனைக் கெமிக்கல். 1973-ல் அமெரிக்காவில் ஐஎஃப்எஃப் என்ற கம்பெனியின் ஆய்வகத்தில் பிறந்தது, தேவதாரு மாதிரி மர வாசனை. 1988-ல் வந்த ஃபாரன்ஹைட் என்ற சென்ட்டில்கூட இது கால் பங்கு இருந்ததாம். கேசா ஷோன் என்ற ஜெர்மன்காரர் 2006-ல் அதை மட்டும் தனியாகப் பாட்டிலில் அடைத்துவிட்டார். பந்தியில் உப்பை மட்டும் பரிமாறின கதைதான், போ. சில மூக்குக்கு இது எட்டவே எட்டாது. எட்டினாலும் கொஞ்ச நேரத்தில் பழகி மறைந்துபோகும், திடீரென்று திரும்ப வரும். சீசனில் மாங்கூழ் ஃபேக்டரி வாசம் நமக்குத் தெரிகிறதா? வெளியூர்க்காரர்கள்தானே மூக்கைச் சுளிக்கிறார்கள். அவரவர் உடம்புக்குத் தக்கபடி மணக்கும் என்கிறான் பையன். நான் நம்பவில்லை, மாறுவது முகர்கிறவர்களின் மூக்குதான்.

ஆனால் தேவகி, ஒன்று மட்டும் உறுத்துகிறது. மல்லிகையோ ஜவ்வாதோ, நாம் வைத்துக்கொண்டது முதலில் நமக்காகத்தான். இதைப் போட்டுக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று எதிரே வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயசில் இது தேவையா? கோபமாக வருகிறது. ஆனாலும் தினமும் போடுகிறேன்.

ருக்கு மகள் கல்யாணத்துக்கு வருவாய் அல்லவா? போட்டுக்கொண்டு வருகிறேன், முகர்ந்து பார்த்து உண்மையைச் சொல். அன்றைக்கு உன் ஜவ்வாது டப்பாவைத் திறக்காதே. எனக்காகப் பொய் சொன்னாயோ, பர்கூர் பஸ் கதை உன் மருமகள் காதுக்குப் போய்விடும்.

அன்புடன்,
வசந்தா